இரண்டு விரலுக்குத் தலையாட்டியவள்

பதினான்காவது தடவையும் அந்தப் பெண் பந்தைப் பிடித்துவிட்டாள். "கட்" என்றார் டைரக்டர். கோபமாக இல்லை, அலுத்த குரலில். சகாயமேரி வலது தோளைப் பிசைந்துகொண்டு மேட்டிலேயே நின்றாள். பேஸ்பாலில் பந்தெறிகிறவள் நிற்கிற அரையடி மேடு அது, அதற்கு மேல் நேற்றெல்லாம் செங்கல்தூள் தூவிச் சிவப்பாக்கியிருந்தார்கள். அந்த ஆட்டம் நடந்த நாக்பூரில் மண் கறுப்பு. சொல்லிப் பார்த்தாள். "கேமராவுல கறுப்பு நல்லா வராது மேடம்" என்றார்கள், சரி என்று விட்டுவிட்டாள். மண்ணின் நிறத்துக்குப் போய்ச் சண்டை பிடிக்க முடியுமா, அதுவும் தன்னைப் பற்றிப் படமெடுக்கிறேன் என்று திண்டுக்கல் வரை தேடி வந்தவர்களிடம். இருபத்திரண்டு வருஷம் ஒருவரும் தேடி வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், விசில், காலை அசெம்பிளி, ஆண்டு விழாவில் பிரமிடு நிற்க வைப்பது, அவ்வளவுதான் என்றிருந்தது. இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில், மாசி மாத வெயிலில், இருபத்தொரு வயதுச் சகாயமேரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்பத்துமூன்று வயதுச் சகாயமேரி நிற்கிறாள், சட்டை வயிற்றில் பிடிக்கிறது. அவளாக நடிக்கிற பெண் நல்ல பெண்தான், மூன்று மாதம் பயிற்சிக்கு வந்தாள், ஆனால் எறிந்தால் மாமரத்தில் கல் விடுகிற மாதிரியே இருக்கிறது. அதனால் முதுகுப் பக்கமிருந்து எடுக்கிற ஷாட்டுகளுக்கெல்லாம் நீங்களே எறிஞ்சிடுங்க மேடம் என்றார் டைரக்டர். அவளுக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். முதல் இரண்டு நாள் கை என்ன சுகமாக வந்தது. பந்தின் தையல் விரலில் பட்டதும் உடம்பு தானாகத் திரும்பிக்கொண்டது. இன்றுதான் இந்தச் சீன், இன்றைக்கென்று பார்த்து இந்த வெயில், இன்றைக்கென்று பார்த்து இந்தப் பெண்.

அந்தப் பெண் சிந்துஜா. பல்கலைக்கழக அணியில் கேட்சர், பந்தெறிகிறவளுக்கு நேர் எதிரே குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிறவள். படத்தில் கேட்சராக நடிக்கிறவளுக்குப் பதிலாக முகமூடி மாட்டி உட்கார வைத்திருக்கிறார்கள். முகமூடிக்குள் யார் இருந்தால் என்ன. அவள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான், பந்தை விடவேண்டும். கதைப்படி இது தேசியப் போட்டியின் இறுதி ஆட்டம், கடைசிச் சுற்று, இரண்டுக்கு இரண்டு சமநிலை, எதிரணிக்காரி ஒருத்தி மூன்றாவது முனையில் ஓடத் தயாராக நிற்கிறாள், இன்னும் ஒரு பந்து சரியாக விழுந்தால் சுற்று முடிந்துவிடும். நாயகி அற்புதமாக ஒரு வேகப்பந்து போடுகிறாள், மட்டைக்காரி வீசிக் கோட்டைவிடுகிறாள், கேட்சரும் கோட்டைவிடுகிறாள், பந்து பின்னால் உருண்டு ஓடுகிறது, மூன்றாவது முனையில் நின்றவள் ஓடி வந்துவிடுகிறாள், கோப்பை போய்விடுகிறது. நாயகி மண்டியிட்டு அழுகிறாள். இதைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தபோது சகாயமேரி இரண்டு தடவை படித்தாள், எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்திக் கொடுத்தாள். வேறென்ன செய்ய, அவள் சொன்னதைத்தான் எழுதியிருந்தார்கள். மூன்று நாள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, நடுவில் ரெக்கார்டர், முறுக்கு, காபி, டைரக்டர் கேட்டார், "அந்தக் கடைசிப் பந்து என்னாச்சு மேடம்?" அவள் சொன்னாள், "கேட்சர் விட்டுட்டாங்க சார்." தயங்காமல் வந்தது. தயக்கமெல்லாம் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. அப்போதே பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறாள், கல்யாணமான புதிதில் கணவனிடம் சொல்லியிருக்கிறாள், விளையாட்டு விழா மேடையில் சொல்லிவிட்டு, ஆனாலும் தோல்வியில் துவளக்கூடாது பிள்ளைகளே என்றும் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு பொய்யைப் போதுமான தடவை சொன்னால் அது ஞாபகம் மாதிரியே ஆகிவிடுமா, ஆகாது, அதுதான் சங்கடம், ஆகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்கு அடியில் மற்றது அப்படியே கிடக்கிறது, கறுப்பு மண்ணோடு.

பதினைந்தாவது தடவை. சிந்துஜா வேண்டுமென்றே கையை விலக்கினாள், பந்து பின்னால் போனது. "கட். தெரியுதும்மா, நடிக்கிறது தெரியுது. கை தானா நழுவணும்" என்றார் டைரக்டர். விஜயநாதன் என்று பெயர், முப்பத்தைந்து வயதிருக்கும், யாரையும் ஒருமையில் பேசாதவர். கேமராவை ஏதோ சரிசெய்ய ஐந்து நிமிஷம் கேட்டார்கள். ஒருவன் குடை பிடித்தான், ஒருத்தி மோர் கொடுத்தாள். மோரில் உப்பு கூடுதல். அன்று கேட்சராக இருந்த கோகிலாவுக்கு மோர் என்றால் உயிர், தாராபுரத்துப் பெண், பயிற்சி முகாமுக்கு வரும்போதே ஊறவைத்த மோர்மிளகாய் ஒரு டப்பா கொண்டுவருவாள். கோகிலவாணி. படத்தில் அவள் பெயர் கல்பனா. படக் கம்பெனிக்காரர்கள் திருப்பூருக்குப் போய் அவளிடம் கையெழுத்து வாங்கியபோது, எம் பேர் மட்டும் வேண்டாமுங்க என்று சொன்னாளாம், வேறு எதுவும் கேட்கவில்லையாம், கதை என்னவென்றுகூட. அதைக் கேட்ட அன்று சகாயமேரிக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததே என்று பிறகு ஒரு வாரம் தூக்கம் சரியில்லை. ஏன் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்திருக்கும். ஆறு வருஷம் எதிரெதிரே நின்றவர்கள், அறுபது அடி தூரத்தில் அவள் கண்ணைப் பார்த்தே இன்றைக்குச் சாப்பிட்டாளா இல்லையா என்று சொல்லிவிடலாம். பந்துக்கு முன்னால் கோகிலா தொடைக்கு நடுவே விரல் காட்டுவாள். ஒரு விரல் என்றால் வேகம், இரண்டு விரல் என்றால் வளைவு, வெளிப்பக்கம் தாழ்ந்து விழுகிற பந்து. பிடிக்கவில்லையென்றால் தலையை இடவலமாக அசைக்கலாம், அவள் வேறு காட்டுவாள். தலையாட்டிவிட்டால் அதைத்தான் போடவேண்டும். தலையாட்டியபின் மாற்றக்கூடாது, ஏனென்றால் அவள் அங்கே அந்தப் பந்துக்காக உடம்பைச் சாய்த்துவிட்டிருப்பாள்.

சிந்துஜா முகமூடியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்து வந்தாள். மூக்கு நுனியில் வியர்வை. "மேடம், சாரி மேடம். என்னாலதான் லேட்டாகுது."

"உன்னால இல்லம்மா."

"இல்ல மேடம், எனக்கு நிஜமாவே புரியல. இது நல்ல பந்து. நேரா வருது. ஸ்பீடும் இப்ப பெருசா இல்ல, தப்பா நெனைக்காதீங்க. இத எப்படி மேடம் விட்டாங்க? அவங்க ஸ்டேட் கேட்சர்தானே?"

"அப்ப இன்னும் வேகமா வந்துச்சு."

"வேகமா வந்தாலும் வேகம்னு தெரிஞ்சு உக்காந்தா புடிச்சிடலாம் மேடம். மட்டையில பட்டுத் திசை மாறினா விடலாம். அதுவும் இல்லன்றீங்க." அவள் கையுறையைத் தட்டிக்கொண்டே யோசித்தாள், கணக்குப் போடுகிற பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு. "ஒண்ணு பண்ணலாம் மேடம். நான் வளைவுன்னு நெனச்சு வெளிய சாஞ்சு உக்காந்துக்கறேன். நீங்க வேகத்த உள்பக்கம் விடுங்க. அப்ப நான் நெனச்சாலும் புடிக்க முடியாது. எவளாலயும் முடியாது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பத்தொன்பது வயது. தான் சொன்னது என்னவென்று அவளுக்குத் தெரியாது. வெறும் வழி சொல்கிறாள், பந்து தவற ஒரே வழி. சகாயமேரி மோர் டம்ளரைப் பார்த்தாள். அடியில் கறிவேப்பிலை. "சரி, விரல் காட்டு. இரண்டு காட்டு" என்று சொன்னது தன் குரல்தானா. பெண் ஓடிப்போனாள். வேண்டாம் என்று கூப்பிட்டிருக்கலாம், தோள் வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யுமில்லை. கம்ப்யூட்டரில் ஏதாவது செய்துகொள்ளுங்கள் சார், பந்தையே வரைகிறார்களாமே இப்போது. ஆனால் டைரக்டர் கையை உயர்த்திவிட்டார், எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள், அந்தப் பெண் குந்தி உட்கார்ந்து இரண்டு விரலைக் காட்டினாள்.

இரண்டு விரல். அன்றும் இரண்டு விரல்தான். ஏன் மாற்றினேன் என்பதற்கு அவளிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை, வருஷத்துக்கு ஒன்று சேர்ந்திருக்கிறது. வலைக்குப் பின்னால் இந்திய அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் மூன்று பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு வேகம் காட்டவேண்டும் என்று நினைத்தேன். இல்லை, அதற்கு முன்பே பதினோரு பேரை வெளியேற்றியிருந்தேன், காட்டவேண்டியதைக் காட்டியாயிற்று. வளைவுப் பந்து அன்று சரியாக வளையவில்லை. இல்லை, வளைந்தது, முந்தைய சுற்றில்கூட வளைந்தது. காலையிலிருந்து கோகிலா அதட்டிக்கொண்டே இருந்தாள், அங்க போடு, இங்க போடு, அவசரப்படாதே, மூச்ச விடு, ஆட்டம் என்னுடையதா அவளுடையதா என்று எரிச்சல். இருக்கலாம். இதில் உண்மை கொஞ்சம் இருக்கலாம். ஆனால் இவ்வளவும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை, அந்த நொடியில் எதுவும் இல்லை, அந்த நொடியில் வேகம் போடப்போகிறேன் என்று கை முடிவு செய்துவிட்டது, தலையை அசைத்து மறுத்தால் அவள் எழுந்து வந்து பேசுவாள், பேச்சு வேண்டாம், அதனால் தலையாட்டினாள். அவ்வளவுதான். வாயை மூட வைப்பதற்காக ஒரு தலையாட்டல். அம்மாவிடம் ஆட்டுகிற மாதிரி. கோகிலா நம்பி வெளிப்பக்கம் சாய்ந்தாள். பந்து உள்ளே போனது.

பிறகு எல்லாம் ஒரே சத்தம், எதிரணிப் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து கத்தினார்கள். ஸ்கோர் எழுதுகிற பெரியவர் கண்ணாடியைத் துடைத்தபடி மேட்டுப் பக்கம் வந்தார். பந்தெறிந்தவள் தவறா, பிடித்தவள் தவறா என்று ஏதாவதொன்றை அவர் எழுதியாகவேண்டும். சத்தத்தில் அவருக்கும் குழப்பம். அரைகுறை இங்கிலீஷில் கேட்டார், பந்து எப்படிப் போனது, உன்னுடையதா அவளுடையதா. கோகிலா தூரத்தில், வலை ஓரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "கேட்சர்ஸ்" என்றாள் சகாயமேரி. ஒரே ஒரு சொல். பெரியவர் எழுதிக்கொண்டு போனார். இரண்டு வாரத்தில் இந்திய அணி முகாமுக்குப் பட்டியல் வந்தது, அதில் இவள் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை. இந்திய சட்டை, மூன்று நாடுகள், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, இதோ படம். அந்த ஒரு சொல் இல்லாமலும் இதெல்லாம் வந்திருக்கலாம். வந்திருக்காமலும் போயிருக்கலாம். ஆனால் அவளுக்கு ஏன் வரவில்லை என்பதில் இந்த இருக்கலாம், போயிருக்கலாம் எதுவும் இல்லை.

"மேடம், ரெடியா?" டைரக்டர். சகாயமேரி தலையாட்டினாள். இரண்டு விரலைப் பார்த்துத் தலையாட்டினாள், தையலில் விரலை மாற்றிப் பிடித்தாள், காலைத் தூக்கினாள். தோளில் ஏதோ சுருக்கென்றது. பந்து கையை விட்டபோதே தெரிந்தது, அதே பந்து, அவ்வளவு வேகமில்லை, ஆனால் அதே இடம். வெளியே சாய்ந்திருந்த பெண்ணின் கையுறை திடுக்கிட்டுக் குறுக்கே வந்தது, ஓரத்தில் பட்டது, பந்து அவளைத் தாண்டி வலைவரை உருண்டது. அவள் எழுந்து, தடுமாறி, முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தேடிக்கொண்டு ஓடினாள். நடிப்பே இல்லை. "ஓகே! சூப்பர்! இதுதான், இதுதான்" என்று டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார். "மேடம், இது எப்படி? என்ன மாத்துனீங்க?" சிந்துஜா பந்தை எடுத்துக்கொண்டு மெதுவாக வந்தாள். இப்போது சிரிக்கவில்லை. பந்தை அவள் கையில் வைத்துவிட்டு, வேறு யாருக்கும் கேட்காமல், "மேடம், அப்ப அவங்க மேல தப்பில்லையா?" என்றாள். "லஞ்ச் பிரேக்" என்று யாரோ மைக்கில் சொன்னார்கள்.

சாப்பாட்டுப் பந்தலுக்குப் போகாமல் சகாயமேரி ஜெனரேட்டர் வண்டிக்கு அந்தப் பக்கம் நிழலில் போய் நின்றாள். கோகிலாவின் நம்பர் போனில் இருந்தது. எப்போதும் இருந்தது. கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் பூப்படம் அனுப்பிக்கொள்வார்கள், கை கூப்பிய படம், விளக்குப் படம். பேசி ஆறேழு வருஷமிருக்கும். மணி அடித்தது, எடுக்காதே, எடுக்கக்கூடாது, எடுத்துவிட்டாள். பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல். கோகிலா பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள்.

"ஏம்புள்ள, என்ன இந்நேரத்துல? சூட்டிங்கெல்லாம் முடிஞ்சுதா?"

"இல்ல. இன்னிக்கு அந்தக் கடைசிப் பந்து எடுத்தாங்க."

"சேரி."

"கோகிலா, அன்னிக்கு நீ ரெண்டு விரல் காட்டுன. நான் தலையாட்டிட்டு வேகத்தப் போட்டுட்டேன். ஸ்கோர் எழுத வந்தவருகிட்ட நீதான் விட்டேன்னும் சொல்லிட்டேன்."

கதவு சாத்துகிற ஓசை, மிஷின் சத்தம் குறைந்தது. எழுந்து வெளியே வந்திருக்கிறாள். "ஏண்டி, இத எங்கிட்டயா சொல்ற?" என்றாள் கோகிலா. குரலில் அழுகையில்லை, கொஞ்சம் மூச்சுதான் அதிகம். "பந்து வந்தது எனக்குத்தான. எனக்குத் தெரியாதா எந்தப் பந்துன்னு? ஸ்கோர்காரருகிட்டச் சொன்னது மட்டும் தெரியாது. அதையும் நீதான் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்."

"ஏன் ஒண்ணும் கேக்கல நீ?"

"கேட்டு? நீ இல்லீன்னு சொல்லியிருந்தீன்னா? அப்புறம் உங்கூடப் பேசவும் முடியாது." கொஞ்சம் நிறுத்தினாள். "என்ற மவ பத்தாவது படிக்கறா. போன வாரம் கேக்கறா, அம்மா, நீ பந்த விட்டுட்டியாமா, படத்துல வருதாமா, பேப்பர்ல போட்டிருக்குதுன்னு பள்ளிக்கூடத்துல பேசிக்கறாங்கன்னு. நான் ஆமாம் சாமின்னுட்டுப் பாத்திரம் கழுவப் போயிட்டேன். எனக்குச் சொல்லி என்னடி ஆகுது. எனக்குத் தெரியும். தெரியாதவிங்ககிட்டப் போய்ச் சொல்லு." சூப்பர்வைசரை யாரோ கூப்பிட்டார்கள். "வெக்கறேன், பீஸ் வந்திருச்சு" என்று வைத்துவிட்டாள்.

சகாயமேரி போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். படம் வந்தபின் சொல்லலாம். ஒரு பேட்டியில் சொல்லலாம், அடக்கமாக, சிரித்துக்கொண்டே, உண்மையில் என் பங்கும் அதில் உண்டு என்கிற மாதிரி, அதையும் ஒரு பெருந்தன்மையாக எழுதுவார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்ன சொல்வார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ். கணவர் ஒன்றும் சொல்லமாட்டார், பேசாமல் பேப்பரைத் திருப்புவார், அதுதான் கஷ்டம். படத்தையே நிறுத்திவிட்டால். முந்நூறு பேர் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் இந்தப் படத்தை நம்பி. காரணங்கள் மறுபடி வரிசையில் வந்து நிற்கின்றன, ஒவ்வொன்றும் நல்ல காரணம், ஒவ்வொன்றுக்கும் தலையாட்டலாம். அவள் கால் அதற்குள் பந்தலுக்குள் வந்திருந்தது. டைரக்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சாம்பார் சாதம். பக்கத்தில் உதவி டைரக்டர்கள், கொஞ்சம் தள்ளி சிந்துஜா. "உக்காருங்க மேடம், சாப்பிட்டீங்களா?"

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். இரண்டு விரல், தலையாட்டல், வேகம், பெரியவர், ஒரு சொல். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, இருபத்திரண்டு வருஷத்துக்கு அது ரொம்பக் குறைவு என்று பட்டது. டைரக்டர் கை தட்டிலேயே நின்றது. "மேடம், இப்ப எடுத்ததுல..." என்று ஆரம்பித்தார், நிறுத்தினார். "அப்படி எடுத்தா ஹீரோயின் தப்பு பண்ணதா வரும். ஜனங்களுக்குப் பிடிக்காம போகலாம்."

"போகலாம் சார்."

"புரொடியூசர் ஒத்துக்கமாட்டார்."

"அவருகிட்டயும் நான் சொல்றேன். நான் கொடுத்த கையெழுத்து நிஜத்துக்குக் கொடுத்தது. இதுக்கு இல்ல."

உதவி டைரக்டர் ஒருவன் எழுந்துபோய் ஸ்கிரிப்ட் பேப்பரை எடுத்து வந்தான், யாரும் சொல்லாமலே. டைரக்டர் இடது கையால் வாங்கி, அந்தப் பக்கத்தைத் தேடி, முழங்காலில் விரித்துக்கொண்டார். "சரி, உக்காருங்க. முதல்லேருந்து சொல்லுங்க. ஆட்டம் முடிஞ்சதும் அவங்க உங்கள என்ன கேட்டாங்க? திட்டினாங்களா, அழுதாங்களா? அந்தச் சீன் எனக்கு வேணும்."

"ஒண்ணும் கேக்கல சார்." சகாயமேரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "ரயில்ல திரும்பி வந்தோம். அவளுக்கு வலது கட்டைவிரல்ல பந்து பட்டு வீங்கியிருந்துச்சு, நகம் கறுத்துப்போயிருந்துச்சு. எதிர் சீட்டுல உக்காந்து ஆரஞ்சுப் பழத்த இடது கையாலயும் பல்லாலயும் உரிச்சா. ரொம்ப நேரம் உரிச்சா. பாதிய எனக்குக் கொடுத்தா."

"நீங்க?"

"வாங்கிச் சாப்பிட்டேன்" என்றாள்.